மூன்று கண்டு மயில்நீலம்

பிப்ரவரி 6

அன்புத் தங்கச்சிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நான் நலம் என்று எழுதினால் நீயே நம்பமாட்டாய். மூச்சு வருகிறது, கால் நடக்கிறது, சலவைக் கடைக்குப் போய் ஊரார் சட்டையெல்லாம் தேய்த்துவிட்டு வருகிறேன். உன் மாமாவுக்கு இருமல் விட்டபாடில்லை. வாட்ச்மேன் வேலைக்கும் பனிக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. உன் முதுகுவலி எப்படி? நூல் கடையில் உட்கார ஸ்டூல் கொடுத்தார்களா, இன்னும் நிற்க வைத்தே கொல்கிறார்களா?

போன் இருக்க எதற்குக் கடிதம் என்பாய். போன் மணி அடித்தாலே எனக்கு ஆகஸ்ட் மாதம் வந்த அந்த போன்தான். துணி சுற்றி அலமாரிக்குள் தள்ளிவிட்டேன்.

போலீஸ்காரர்கள் திருப்பிக் கொடுத்த குண்டூசியின் பையை நேற்றுதான் பிரித்தேன். ஆறு மாதமாகக் கை வரவில்லை. தலை பெருத்து உடம்பு மெலிந்து பிறந்த என் மகளுக்கு அந்தப் பெயர் வைத்தவள் நீ. பதினெட்டு வயதிலும் அதற்கேற்ற மாதிரியேதான் இருந்தாள். பஸ்ஸோடு ஆற்றில் கிடந்த பை அல்லவா, நோட்டுப் புத்தகமெல்லாம் கூழாகிவிட்டது. போனும் போச்சு. ஆனால் உள்ளே ஓட்டை ஓட்டையாக ஒரு பிளாஸ்டிக் கேன்வாஸ் தாள், மயில்நீல உல்லன் நூலால் பாதி தைத்தது, ஒன்றும் ஆகாமல் இருக்கிறது. அவள் துணிகளுக்கு அடியில் தேடினால் இன்னும் மூன்று சுவர், ஒரு சிவப்புக் கூரை, கொஞ்சம் மிச்ச நூல். டிஷ்யூ பெட்டி மேல் கவிழ்க்கிற குட்டி வீடு, இல்லையா? என் கண்ணில் படாமல் ஏன் ஒளித்தாள் என்றுதான் புரியவில்லை.

அந்த நாலாவது சுவரை நான் தைத்து முடிக்கப்போகிறேன். தாள் வளைந்திருந்தது. கைப்பழக்கத்தில் இஸ்திரிப் பெட்டியை எடுத்துவிட்டேன். "அடியே, உருகிடும்டி!" என்று உன் மாமா கத்தினார். இப்படிப்பட்ட மாணவிக்கு நீதான் முதலிலிருந்து சொல்லித்தர வேண்டும். அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நீதானே.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் அக்கா

*

பிப்ரவரி 13

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் சுகமாக இருக்கிறேன். ஸ்டூல் வந்தது, ஒரு கால் ஆடுகிறது, அதுவும் என் அதிர்ஷ்டம். மாமாவை வெந்நீர் குடிக்கச் சொல்.

இஸ்திரிப் பெட்டியா! நல்லவேளை, மாமா பக்கத்தில் இருந்தார். தாளை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்துத் துடை. கனமான புத்தகங்களுக்கு அடியில் ஒரு நாள் வை. தானாகப் படிந்துவிடும்.

ஊசி மொக்கை ஊசியாக இருக்கட்டும், காது பெரியதாக. கூர் ஊசி நூலைக் கிழித்துவிடும். நூலை உன் கை நீளத்துக்கு மேல் வெட்டாதே. நீளமாக வெட்டினால் அடிக்கடி கோக்க வேண்டாமே என்று தோன்றும், ஆனால் ஓட்டையில் உரசி உரசிப் பாதியிலேயே பஞ்சாகிவிடும். முடிச்சும் போடாதே. பின்பக்கம் நுனியை விரலால் பிடித்துக்கொண்டு அதன் மேலேயே நாலைந்து தையல் போடு, அது தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும். ஓரத்தில் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருப்பதை நகவெட்டியால் நறுக்கு. கத்தரியைவிட அதுதான் ஒட்ட வெட்டும்.

முக்கியமானது ஒன்று. ஓட்டையை எண்ணாதே, ஓட்டைகளுக்கு நடுவில் ஓடுகிற பிளாஸ்டிக் கோட்டை எண்ணு. எல்லாரும் முதலில் தப்பு செய்கிற இடம் அதுதான். ஓட்டையை எண்ணினால் ஒன்று குறையும், சுவரோடு சுவர் சேராது. நாலு பக்கமும் கடைசிக் கோட்டை வெறுமனே விடு. சுவர்களைச் சேர்த்துச் சுற்றித் தைக்க அது வேண்டும்.

இந்த வாரம் கடையில் கூட்டம். இத்துடன் நிறுத்துகிறேன்.
உன் தங்கை

*

மார்ச் 1

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மாமாவுக்கு இருமல் பரவாயில்லை, வெந்நீர் என்றால் முகத்தைச் சுளிக்கிறார். ஆடுகிற ஸ்டூலுக்கு அடியில் அட்டையை மடித்து வை.

ஓட்டையை எண்ணாதே என்று படித்துவிட்டு ஓட்டையைத்தான் எண்ணினேன். இரண்டு வரிசை பிரித்தேன். பரவாயில்லை, கை பழகிவிட்டது. மதியம் கடையிலிருந்து சாப்பிட வருகிற இரண்டு மணி நேரத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து தைக்கிறேன். மாமா உள்ளே தூங்குவார். வீடு அமைதியாக இருக்கும்.

ஒரு சந்தேகம். அவள் இடது கைக்காரி, அவள் தையலெல்லாம் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. என்னுடையது வலப்பக்கம். சரிதான். வியாழக்கிழமை நாலு வரிசை தைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து கண் அசந்தேன். எழுந்து பார்த்தால் ஆறு வரிசை இருக்கிறது. மேல் இரண்டும் இடப்பக்கம் சாய்ந்திருக்கின்றன. நானே தைத்துவிட்டு மறந்தேனா? அப்படி மறக்கிற வயதா எனக்கு?

இன்னொன்றும் கேட்க வேண்டும். எதிர்வீட்டு டெய்லர் பெண்சாதி நேற்றுக் குழாயடியில் யாரிடமோ, "படிக்கப் போறேன்னு சொல்லிட்டு எவன்கூடவோ கிளம்பின பொண்ணு" என்றாள். நான் நிற்பது தெரிந்தே சொன்னாள். மொபைல் கடைப் பையன் பெயரையும் இழுக்கிறார்கள். பாவம், அவன் இந்தத் தெருப்பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. தோழி வீட்டுக்குப் படிக்கப் போகிறேன் என்றுதான் என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். அந்த பஸ் ஏழு ஊர் தாண்டிப் போகும். அதில் உன் ஊரும் ஒன்று. அடக்கம் முடிந்த அன்றைக்கே உன்னைக் கேட்டேன், "உங்கிட்டதான் வந்துகிட்டிருந்தாளா?" என்று. இல்லை என்று தலையாட்டினாய். மறுபடி கேட்கிறேன். அவள் எங்கே போனாள் என்று உனக்கு ஏதாவது தெரியுமா? தெரிந்தால் போதும், இந்தத் தெருவில் தலைநிமிர்ந்து நடப்பேன்.

பதிலை எதிர்பார்க்கும்,
அக்கா

*

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். ஸ்டூலுக்கு அட்டை வைத்தேன், இப்போது இன்னொரு கால் ஆடுகிறது.

சாய்வுக்குப் பயப்படாதே. தாளைப் படுக்கையாகத் திருப்பிப் பிடித்துத் தைத்தால் சாய்வு மாறிவிடும். எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இதே புகாரோடுதான் வருவார்கள். தூக்கக் கலக்கத்தில் நீ தாளைத் திருப்பியிருப்பாய். மேல் ஓரத்தில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிடு, எது தலை எது கால் என்று எப்போதும் தெரியும்.

கதவின் ஓரத்துக்கு நூலை இரட்டையாகப் போடு, கோணலில் மூன்று தையல், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் எட்டிப் பார்க்கும். கண் வலித்தால் மடியில் வெள்ளைத் துணி விரித்துத் தை. ஓட்டைகள் பளிச்சென்று தெரியும்.

ஊர் வாயை உலை மூடியால் மூட முடியாது, விடு அக்கா. சாப்பாட்டை மட்டும் தவறவிடாதே.
உன் தங்கை

*

மார்ச் 28

தங்கச்சிக்கு,

இருக்கிறோம். மாமா வேலைக்குப் போகிறார். நீயும் நன்றாக இரு.

சிவப்பு நூல் கட்டினேன். தாளைத் திருப்பவில்லை, சத்தியமாகத் திருப்பவில்லை. ஆனால் இப்போது என் வரிசைகளே இல்லை. நான் வலப்பக்கம் சாய்த்துத் தைத்தவை எல்லாம் பிரிக்கப்பட்டு, அதே இடத்தில் இடப்பக்கம் சாய்த்துத் தைக்கப்பட்டிருக்கின்றன. பிரித்த நூல் பஞ்சு பஞ்சாய் ஜன்னலடியில் கிடக்கிறது. அம்மா தைத்தது பிடிக்கவில்லை போல. அவள் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், நான் பின்னிவிட்ட தலையைப் பள்ளிக்கூட வாசலில் அவிழ்த்துத் தானே பின்னிக்கொள்வாள்.

பயமா என்று கேட்காதே. மதியம் எப்போது வரும் என்று இஸ்திரிப் பெட்டி முன்னால் நின்றுகொண்டு கடிகாரத்தையே பார்க்கிறேன்.

இப்படிப் பிரித்துப் பிரித்து நூல் தீர்ந்துவிட்டது. இன்னும் ஒன்பது வரிசை பாக்கி. மற்ற சுவர்களோடு இருந்த நூல் சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். மயில்நீலம், லாட் 417. உன் கடையில் அதே நூல் இருந்தால் அனுப்பு.

பஸ் விஷயம் கேட்டிருந்தேனே, உன் கடிதத்தில் அதைத் தவிர எல்லாம் இருக்கிறது.
அக்கா

*

ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். சரக்குக் கணக்கெடுப்பு, பிறகு காய்ச்சல், பிறகு என்னவோ. இப்போது தேவலை.

லாட் 417 தீர்ந்துவிட்டது. ஒரு தடவை சாயத் தொட்டியில் நனைத்தெடுத்த நூலுக்கெல்லாம் ஒரே நம்பர். அடுத்த தொட்டியில் அதே சாயத்தைப் போட்டாலும் ஒரு பொட்டு மாறிவிடும். நூல்கண்டாக வைத்துப் பார்த்தால் தெரியாது, சுவராகத் தைத்துப் பார்த்தால் கோடு போட்ட மாதிரி தெரியும். அதனால்தான் ஒரு வேலைக்கு வேண்டிய நூலை ஒரேயடியாக வாங்கிவிட வேண்டும் என்போம்.

லாட் 460 இரண்டு கண்டு அனுப்பியிருக்கிறேன். பழைய நூலில் ஒரு வரிசை, புது நூலில் ஒரு வரிசை என்று மாற்றி மாற்றித் தைத்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. பழையது துண்டு துண்டாகவாவது இருக்கும், தேடிப் பார். டாக்டரையும் ஒரு தடவை பார் அக்கா. தூக்கம் சரியில்லை என்று சொல்.

உன் தங்கை

*

ஏப்ரல் 27

தங்கச்சிக்கு,

நலம் விசாரித்ததாக நினைத்துக்கொள்.

நூலைத் திருப்பி அனுப்புகிறேன். இரண்டு தையல்தான் போட்டேன். மதியம் எழுந்தபோது அந்த இரண்டும் பிரித்துக் கிடந்தன, கண்டு இரண்டும் வாசல் நிலைப்படிக்கு வெளியே கிடந்தன. அவள் இந்த நூலைத் தொடமாட்டாள்.

டாக்டர் வேண்டாம். 417தான் வேண்டும்.
அக்கா

*

மே 10

சின்னவளுக்கு,

மாமா எழுதுவது. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. தப்பிருந்தால் பொறுத்துக்கொள். நீ சௌக்கியமா?

உன் அக்காவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். பகலில் நான் தூங்குவதாக அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். அவள் தூங்குவதில்லை. சுவரில் தலை சாய்ந்ததும் கொஞ்ச நேரம் அசையாமல் இருக்கிறாள். பிறகு கண்ணைத் திறக்கிறாள். ஊசியை இடது கையில் எடுக்கிறாள். அவள் இடது கையால் ஒரு பொத்தான்கூடப் போட்டதில்லை, இப்போது மளமளவென்று போகிறது கை. இதழோரம் நாக்கு நுனியைக் கடித்துக்கொள்கிறாள். நம் பெண் அப்படித்தான் கடிப்பாள்.

இப்போது நூல் இல்லை. இரண்டு வாரமாக வெறும் ஊசியால் தைக்கிறாள். ஒவ்வொரு ஓட்டையிலும் ஊசி இறங்கி ஏறுகிறது, வரிசை முடிந்ததும் அடுத்த வரிசை. கடைசியில், "இன்னும் வரலியே" என்கிறாள். யாரைச் சொல்கிறாள், எதைச் சொல்கிறாள் என்று தெரியவில்லை. எழுந்த பிறகு கேட்டால், "நல்லாத் தூங்கினேங்க" என்கிறாள்.

உனக்கு ஏதாவது தெரியுமென்றால் சொல்லம்மா. என்னால் தாங்க முடியவில்லை.
மாமா

*

மே 13

அக்கா,

இந்தக் கடிதத்தில் நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

பொட்டலத்தை முதலில் பிரி. மூன்று கண்டு, லாட் 417. தீர்ந்துவிட்டது என்று பொய் சொன்னேன். ஆகஸ்ட் மாதத்திலிருந்து என் கல்லா மேஜை இழுப்பறையில் இருக்கிறது. மேலே கட்டியிருக்கிற சீட்டு என் கையெழுத்து: "குண்டூசிக்கு. இன்று வருவாள்."

அந்த வீடு உனக்குத்தான். உன் பிறந்தநாளுக்கு. "அம்மா ஆயுசு பூரா வாடகை வீட்டுலயே இருக்கா சித்தி, நீலச் சுவர் வச்ச வீடு வேணும்னு சொல்லிக்கிட்டே இருப்பா, நான் ஒண்ணு கட்டித் தர்றேன்" என்றாள். அதனால்தான் ஒளித்து வைத்தாள். அதனால்தான் உன்னிடம் பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். எவனும் இல்லை அக்கா. என்னைத் தவிர யாரும் இல்லை.

நாலாவது சுவருக்கு நூல் பற்றவில்லை என்று கேட்டிருந்தாள். கடையிலிருந்து நான்தான் போன் செய்தேன். "மூணு கண்டுதான்டி இருக்கு, இன்னைக்கே வா, நாளைக்கு லாட் மாறிடும், உங்கம்மா வீட்டுச் சுவர் ரெண்டு கலர்ல நிக்கும்" என்றேன். நிறம் ஒத்துப்பார்க்கத்தான் பாதிச் சுவரைப் பையில் எடுத்துக்கொண்டாள்.

இன்னும் முழுசாகச் சொல்லவில்லை. போன் செய்யும்போதே அந்த மூன்று கண்டும் என் இழுப்பறைக்குள் இருந்தன. எடுத்து வைத்துவிட்டுத்தான் அவசரப்படுத்தினேன். தபாலில் அனுப்பியிருக்கலாம். எனக்கு அவளைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. இந்த ஊரில் சாயங்காலம் பேச எனக்கு யார் இருக்கிறார்கள்? அதற்காக ஒரு பொய் சொன்னேன்.

பஸ் ஸ்டாண்டில் நாலு மணி வரை நின்றேன். கோபம் வந்தது. வரவில்லை என்றால் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மரியாதையே இல்லை என்று திட்டிக்கொண்டே திரும்பி வந்தேன். அந்நேரம் அவள் தண்ணீருக்குள் இருந்தாள்.

நீ கேட்டபோது தலையாட்டிவிட்டேன். ஒரு தடவை ஆட்டிய தலையை மறுபடி எப்படி நிமிர்த்துவது என்று தெரியவில்லை. நீ கேட்டதற்கெல்லாம் ஊசியையும் நூலையும் எழுதி அனுப்பினேன். கடிதத்தில் குரல் நடுங்குவது தெரியாதே என்று தைரியம்.

வேறு எழுத ஒன்றும் இல்லை.

*

ஜூலை 2

தங்கச்சிக்கு,

நானும் உன் மாமாவும் உயிரோடு இருக்கிறோம். நீ இருக்கிறாயா என்று கேட்காமல் ஏழு வாரம் விட்டேன். வேண்டுமென்றேதான் விட்டேன்.

உன் கடிதத்தை இஸ்திரி மேஜை முன்னால் நின்று படித்தேன். பெட்டியை எடுக்க மறந்து, யாரோ ஒரு வாத்தியாரின் வெள்ளைச் சட்டை முதுகோடு கருகிவிட்டது. பாவி, ஒன்பது மாதம் என் பிள்ளையை ஓடிப்போனவள் என்றார்கள். ஒரு வரி எழுதியிருந்தால் போதும். நீ எனக்கு ஊசிக் காது பெரியதா சின்னதா என்று எழுதினாய். உன்னை இந்தக் கையால் அறைய வேண்டும் என்று தோன்றியது. இப்போதும் தோன்றுகிறது.

அன்று சாயங்காலமே குழாயடிக்குப் போனேன். கடிதத்தை உரக்கப் படித்தேன், "அம்மா ஆயுசு பூரா வாடகை வீட்டுலயே இருக்கா" என்ற இடத்தை இரண்டு தடவை. டெய்லர் பெண்சாதி குடத்தை நிரம்பி வழியவிட்டு நின்றாள். அவளும் ஒரு பெண்ணைப் பெற்றவள்தான். "மன்னிச்சிடுங்கக்கா" என்றாள். நான் கடிதத்தை மடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நூலை ஜன்னலோரம் வைத்துவிட்டு, அந்தச் சீட்டைக் கழற்றாமலே வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்தேன். மாமா எதிரிலேயே உட்கார்ந்திருந்தார், ஒளியவில்லை. எழுந்தபோது ஒன்பது வரிசையும் முடிந்திருந்தது. இடப்பக்கம் சாய்ந்து, ஒரு தையல் கூடப் பிசகாமல். சுவரில் எங்கே பழைய நூல் முடிந்தது, எங்கே புது நூல் தொடங்கியது என்று தடவித் தடவிப் பார்த்தேன். தெரியவில்லை. மாமா தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார். அதற்குப் பிறகு மதியத்தில் எனக்கு உண்மையான தூக்கம் வருகிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை. எழுந்து பார்த்தால் எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கிறது.

மூன்று மூலை சேர்த்துவிட்டேன். நாலாவது மூலைக்கு இரண்டு கை பற்றவில்லை. ஒருத்தி பிடிக்க வேண்டும், ஒருத்தி சுற்றித் தைக்க வேண்டும். மாமா பிடித்தால் ஓட்டையோடு ஓட்டை சேரமாட்டேன் என்கிறது.

உன்னை மன்னிக்கத் தெம்பில்லை எனக்கு. மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அதுவும் பொய்யாகும், நமக்குப் பொய் போதும். ஆனாலும் வா. அதே பஸ்ஸில் வா. நான் ஸ்டாண்டில் நிற்கிறேன்.

அக்கா

*

ஜூலை 6

அக்கா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. வியாழக்கிழமை வருகிறேன். அந்த பஸ்ஸில் ஆகஸ்டிலிருந்து நான் ஏறியதே இல்லை. டிக்கெட் வாங்கிவிட்டேன். ஜன்னலோர சீட் வேண்டாம் என்று சொன்னேன். மொக்கை ஊசி ஒன்று அதிகமாகக் கொண்டுவருகிறேன். கை நீளத்துக்கு நூல் மிச்சம் இருக்கிறதல்லவா, மூலைக்கு அது போதும்.

ஒன்று சொல்ல வேண்டும். உன் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் கீழே, பென்சிலில் ஒரு வரி இருக்கிறது. உன் எழுத்து நிமிர்ந்து நிற்கும், எனக்குத் தெரியும். இது இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. நீ எழுதினாயா என்று கேட்கப்போவதில்லை, மாமாவிடமும் கேட்காதே. அப்படியே எழுதுகிறேன்:

"நூல் கிடைச்சுது சித்தி. அதே கலர்தான்."